பழவங்காடியும் காந்தளூர்ச் சாலையும்

திருவனந்தபுரத்தில் ரயிலை விட்டிறங்கித் தம்பானூரிலிருந்து தென்மேற்காக நடப்போர் சிறிது நேரத்திலேயே பழவங்காடியை அடைவர். கிழக்குக் கோட்டை வாயிலை அடுத்த இவ்விடத்தில் எழுந்தருளியுள்ள பிள்ளையார் முன்பு சிதறு தேங்காய் உடைபடும் ஓசை காலை முதல் இரவு வரை ஓய்வதில்லை. பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர்ப் படையினர் வழிபட்ட மூர்த்தி இவர் என்றும், தலைநகரம் மாறியபோது படையோடு இவரும் இவ்வூர் வந்தார் என்றும் கூறுவர். அதற்கேற்ப இக்கோயிலைப் பராமரிக்கும் பொறுப்பு இன்றும் இந்தியத் தரைப்படையினரிடமே உள்ளது.

நேயர்களே, இன்று நாம் பேசக் கருதியது பிள்ளையாரைப் பற்றியன்று; இவ்விடத்தின் பெயரையும், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தொடங்கும் வேறொரு பெயரையும் பற்றியேயாம்.

பழவங்காடி என்ற சொல்லைத் தமிழர் எவரும் எளிதிற் பொருள் கொள்வர். ஆனால் புதிதாய் வருவோர் சிலர் அதனைப் பழக்கடைத் தெரு என்று கொண்டுவிடுகின்றனர். 'பழ' என்பது இங்கே கனியன்று, பழமை. பழைய அங்காடி என்பதே பெயரின் பொருள். மலையாளத்தார் இதனைப் பழவங்ஙாடி என்று ஒலிப்பர். தமிழில் 'ங்க' என வருவது மலையாளத்தில் 'ங்ங' என மாறுவதும், 'ஞ்ச' என்பது 'ஞ்ஞ' ஆவதும் அவ்விரு மொழிகளையும் அறிந்தோர்க்குப் பழக்கமான செய்தி. நம் மாங்காய் அவர்களுக்கு மாங்ங, தேங்காய் தேங்ங, மஞ்சள் மஞ்ஞள். இவ்விதியை அறிந்தவனுக்குப் பழவங்காடியும் பழவங்ஙாடியும் ஓரிடமே. அறியாத எழுத்தனுக்கோ அவை இரண்டிடம்.

இதற்கு நேர் எதிரான இடையூறும் உண்டு. பத்தனம்திட்டை மாவட்டத்து ராணியிலும் ஒரு பழவங்காடி இருக்கின்றது. அது ஒரு கிராம பஞ்சாயத்தின் பெயராகவும் வழங்குகிறது. எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தும் அதுவும் இதுவும் வேறு. ஆக, எழுத்து வேறுபட்ட இடத்தில் பொருள் ஒன்றாகவும், எழுத்து ஒன்றுபட்ட இடத்தில் பொருள் வேறாகவும் இருத்தல் கூடும். ஈரிடத்து ஏடுகள் குறிப்பது ஒரே ஊரையா, ஒரே மனிதனையா, ஒரே நாளையா என்று துணிவது எத்துணைக் கடினமான வேலை என்பதைச் சரித்திர ஆராய்ச்சியாளர் நன்கறிவர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நாமும் ஓரளவு அறிவோம்.

டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கும் இது புதிதன்று. தந்தையின் பெயரை முதலெழுத்தாக மட்டும் இட்டு வாழ்ந்த நம்மவர், வடபுலத்துப் படிவங்களில் குடும்பப் பெயர் கேட்கப்படும்போது அந்த ஓரெழுத்தை விரித்தெழுத நேர்கின்றது. பள்ளிச் சான்றிதழில் ஒரு வடிவம், ஊதியப் பட்டியலில் ஒரு வடிவம், ஊரிலுள்ள நிலப் பட்டாவில் மூன்றாவது வடிவம் என்றாகிவிடுகின்றது. ழகரம் படும் பாடோ சொல்லுந்தரமன்று. முதுமையில் ஓய்வூதியத்துக்கோ, மூதாதையர் வீட்டைப் பங்கிடுவதற்கோ செல்லும்போது, மூன்று பெயருக்கும் உரியவர் தாம் ஒருவரே என்று மெய்ப்பிக்க வேண்டியவராகின்றனர்.

இந்தச் சிக்கலுக்குத் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலுள்ள மிகச் சிறந்த எடுத்துக்காட்டு பழவங்காடிக்கு அருகிலேயே இருப்பது ஒரு விந்தைதான். கோட்டை வாயிலுக்கு எதிரே கிழக்கு நோக்கிச் செல்லும் நெருக்கமான கடைத்தெருவைச் சாலை என்று சொல்வர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திவான் ராஜா கேசவதாசர் இதனைப் பெருஞ்சந்தையாக அமைத்தார். தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை நடத்தி வருகின்றனர். தெருவில் செல்லும்போது ஆரியசாலை என்ற பகுதி வரும். அதற்கப்பால், கிள்ளியாற்றுக்கு அருகே, வலியசாலை என்ற பழைய குடியிருப்பும், தமிழ்ப் பிராமணர் வாழும் அக்கிரகாரமும், ஒரு மகாதேவர் கோயிலும் உள்ளன. அக்கோயிலுக்கு வழங்கும் பெயர் காந்தளூர் என்பது.

காந்தளூர் என்ற பெயரைக் கேட்டவுடன் சோழர் சரித்திரம் படித்தோர் நிமிர்ந்து உட்காருவர். முதலாம் இராஜராஜன் 985ஆம் ஆண்டில் அரியணை ஏறினான். அவனுடைய நான்காம் ஆட்சியாண்டு முதலே, காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்தவன்' என்ற சிறப்புரை அவன் கல்வெட்டுகளில் காணப்படுகின்றது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய அம்மன்னன் தன் வெற்றிகளுள் முதலாவதாக வைத்து எண்ணிய செயல் இது.

இச்சிறப்புரைக்கு ஆராய்ச்சியாளரிடையே தனி மதிப்பு உண்டு. சோழ மன்னர் ஒருவர் விட்டு ஒருவராக ராஜகேசரி என்றும் பரகேசரி என்றும் பட்டம் புனைந்தனர். முதலாம் ஆதித்தனும் ராஜகேசரி, கண்டராதித்தனும் ராஜகேசரி, சுந்தர சோழனும் அப்படியே, இராஜராஜனும் அவ்வாறே. ஒரு கல்லில் 'கோ ராஜகேசரிவர்மர்க்கு யாண்டு ஐந்து' என்று மட்டும் இருக்குமாயின், அது யாருடைய ஐந்தாம் ஆண்டு? எழுத்தின் வடிவத்தைக் கொண்டும், அதிற் குறிக்கப்படும் அதிகாரிகளின் பெயரைக் கொண்டும் தட்டித் தடவியே முடிவு செய்தல் வேண்டும். சாலையில் கலமறுத்த செய்தி அக்கல்லில் இருந்துவிட்டாலோ ஐயம் பெரிதும் நீங்கிவிடும். தான் ஈட்டிய புகழைச் சொல்ல மன்னன் பொறித்த தொடர், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்க்கு அடையாளச் சீட்டாகப் பயன்படுகின்றது.

ஆனால் அந்தச் சாலை எங்கே இருந்தது, அங்கே அறுக்கப்பட்ட கலம் யாது என்ற இரு வினாக்களுக்கும் அக்கல்வெட்டுகள் விடை சொல்லவில்லை.

சாசனங்கள் இத்தகைய ஐயத்தைத் தாமே தீர்த்து வைப்பதும் உண்டு. 'ஆன' என்ற ஒரு சிறு சொல் அவற்றில் அடிக்கடி வரும். ஈழமான மும்முடிசோழ மண்டலம் என்றும், கோட்டாறான மும்முடிச்சோழநல்லூர் என்றும் பழம்பெயரையும் புதுப்பெயரையும் அச்சொல் பிணைத்துவிடும். கன்னியாகுமரியில் ஸ்ரீவல்லபப் பெருஞ்சாலை எனப் பெயர் பெற்றிருந்த ஒரு சாலை சோழர் காலத்தில் ராஜராஜப் பெருஞ்சாலை ஆயிற்று என்பதனை இவ்வாறே அறிகின்றோம். வென்ற நாட்டுக்குப் புதுப்பெயர் சூட்டிய மன்னர்கள் பழைய பெயரையும் அருகிலேயே எழுதி வைத்தது, வரியும் நிலமும் கணக்குத் தவறாமல் இருப்பதற்காகத்தான் என்று கருதுகின்றோம். நமக்காகச் செய்ததன்று, ஆயினும் நமக்கு உதவிற்று. காந்தளூருக்கு அந்த 'ஆன' கிட்டவில்லை. ஆதலால் வேறு ஏடுகளைத் தேடிச் சென்று பிணைக்க வேண்டியதாயிற்று.

இவ்வகைத் தேட்டத்தைத் திருவனந்தபுரத்தில் தொடங்கி வைத்தவர்களுள் தலையாயவர் மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த அவர், ஓய்ந்த நேரமெல்லாம் கல்வெட்டுகளைப் படியெடுத்து, திருவிதாங்கூரின் பழைய வேணாட்டு அரசர் வரிசையைக் காலமுறைப்படி நிறுவ முயன்று, 1890களில் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அப்பகுதிச் சாசனங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதனோடு 824 அல்லது 825 கூட்டினால் கிறிஸ்தவ ஆண்டு கிடைக்கும். வியாழன் நின்ற ராசியும் பல சாசனங்களில் குறிக்கப்பட்டிருக்கும். வியாழன் ஒரு ராசிக்கு மீண்டும் வர ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகுமாதலின், ஆண்டெண் சிதைந்த கல்லிலும் அக்குறிப்பு ஒரு தாழ்ப்பாள் போல் உதவும். பெயர் ஒத்து, கொல்லம் ஆண்டும் ஒத்து, வியாழனும் ஒத்துவிட்டால் இரு கற்கள் சொல்வது ஓர் அரசனையே என்று துணியலாம். பெயர் ஒத்தும் வியாழன் ஒவ்வாவிடில் நின்று யோசிக்க வேண்டும்.

பின்னர்த் திருவிதாங்கூர்த் தொல்பொருள் துறையின் தலைவராயிருந்த கோபிநாத ராவ் வெளியிட்ட செப்பேடு ஒன்று காந்தளூரின் மீது பெருவெளிச்சம் பாய்ச்சிற்று. ஹஜூர்க் கச்சேரியில் பாதுகாக்கப்பட்டிருந்தமையால் அது ஹஜூர் ஆபீஸ் செப்பேடு எனப் பெயர் பெற்றது. ஆய் மன்னன் கருநந்தடக்கன், மிஞ்சிறைச் சபையாரிடம் மாற்று நிலம் கொடுத்து இடம் பெற்று, விஷ்ணு கோயில் ஒன்றெடுத்து, பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, அங்கே ஒரு சாலையையும் நிறுவினான் என்பது அதன் சாரம். மிஞ்சிறை என்பது இன்றைய முஞ்சிறையே. பார்த்திவசேகரபுரம் பார்த்திபபுரம் எனக் குறுகி வழங்குகின்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்த நான்கு தாலுகாக்களுள் விளவங்கோட்டில் இவை அடங்கியிருந்தன. சாலை தமிழகத்திலும் அது பின்பற்றிய காந்தளூர் கேரளத்திலுமாக அமைந்துவிட்டன.

செப்பேட்டின் நாள் கொல்லம் ஆண்டில் இல்லை. கலியுகம் பிறந்தது முதல் சென்ற நாட்கள் எத்தனை என்று எண்ணி, 14,49,087 என எழுதி வைத்திருக்கின்றனர். வகுத்துப் பார்த்தால் கலியில் 3967 ஆண்டுகளும் சில மாதங்களும் கழிந்தன என்று தெரிகின்றது. கிறிஸ்தவக் கணக்கில் அது 866ஆம் ஆண்டு. மன்னனின் ஆட்சியாண்டு எதுவாயிருந்தாலும் சரி, இந்த எண்ணை அசைக்க ஒருவராலும் இயலாது. பிற்காலத்தார்மீது இவ்வளவு கருணை காட்டிய கணக்கன் யாவனோ, அவன் வாழ்க!

அச்சாலையில் தொண்ணூற்றைந்து சட்டர், அதாவது மாணாக்கர், இடம்பெற்றனர். பவிழிய சரணத்தார்க்குக் கலம் நாற்பத்தைந்து. தைத்திரீய சரணத்தார்க்கு முப்பத்தாறு. தலவகார சரணத்தார்க்குப் பதினான்கு. சேர விரும்புவோர் வியாகரணம், மீமாம்சை, புரோகிதம் ஆகியவற்றில் வல்லவராயிருப்பதோடு மூன்று அரசுகளின் நடைமுறையையும் அறிந்திருத்தல் வேண்டும். சபையில் படைக்கலத்தோடு புகலாகாது. ஒருவரையொருவர் வைதால் தண்டம். ஆயுதத்தால் தாக்கினால் மிகுந்த தண்டம். மடத்தில் பணிப்பெண்களை வைத்துக்கொள்ளலாகாது. இவ்வொழுங்குகளுக்கெல்லாம் முன்மாதிரி காந்தளூர் மரியாதை என்று செப்பேடு கூறுகின்றது. அப்படியாயின் இராஜராஜன் பிறப்பதற்கு முன்பே காந்தளூரில் ஒரு சாலை பெயர் பெற்று, பிறர் பார்த்து நடக்கும்படி விளங்கியிருத்தல் வேண்டும். மேலும், இங்கே கலம் என்பது கப்பலன்று. சாலையில் ஒருவனுக்கு உரிய உண்கலம், அதாவது ஓர் இடம்.

இனி அச்சொல்லின் கதையைச் சிறிது கேளுங்கள். கலம் என்றால் மரக்கலம்; உண்கலம்; அணிகலம்; நெல் அளக்கும் கலமும் உண்டு. ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில், காந்தளூரில் அணிகலம் போன்றதொரு மண்டபம் கட்டியதாக இத்தொடரை மொழிபெயர்த்தார். அடுத்த தொகுதியிலோ சாலையில் கப்பல்களை அழித்ததாக மாற்றிக்கொண்டார். கட்டியது அழித்ததாயிற்று, நகை கப்பலாயிற்று! ஆங்கிலத்தில் இரண்டும் சரளமாகவே ஒலிக்கின்றன. ஒரு சொல்லுக்கு அகராதியில் நான்கு பொருள் இருந்தால், அவற்றுள் எதனைக் கொள்வது என்று அகராதி சொல்லாது. அச்சொல் வேறெங்கெல்லாம் எவ்வெப் பொருளில் வந்துள்ளது என்று பிற ஏடுகளே சொல்ல வேண்டும்.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அவர்கள் நாஞ்சில் நாட்டவர். திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியில் பணியாற்றியவர். மண்ணும் மொழியும் நன்கறிந்தவர். காந்தளூர்ச் சாலையைப் பற்றித் தனி நூலே எழுதிய அவர், சாலை என்பது உண்டிச் சாலையே என்றும், கலமறுத்தல் என்பது கப்பலைப் பற்றியதன்று என்றும் வாதிட்டார். சோழர் சரித்திரம் எழுதிய நீலகண்ட சாஸ்திரியார் அதனை ஏற்கவில்லை. கடற்படையை அழித்த செய்தியே அது என்று கொண்டார். 1970இல் எம். ஜி. எஸ். நாராயணன், படைக்கலப் பயிற்சியும் பெற்ற பிராமணக் கல்விக் கழகம் அது என்று எழுதினார். சட்டர்கள் ஆயுதம் ஏந்திச் சபைக்கு வரலாகாது என்று தடை விதிக்க வேண்டியிருந்ததே, அவர்களிடம் ஆயுதம் இருந்ததற்குச் சான்றன்றோ?

இடத்தைப் பற்றிய வழக்குக்கு வருவோம். பெயர் ஒன்றையே நம்பினால், மூணாற்றுக்கு அப்பால் மறையூரை அடுத்த மலையிலும் ஒரு காந்தளூர் இருக்கின்றது. ஆப்பிளும் பூண்டும் விளையும் குளிர்ந்த ஊர். இராஜாதிராஜனின் மெய்க்கீர்த்தியோ காந்தளூர்ச் சாலையைக் கடல் சார்ந்ததாகப் பேசுகின்றது. மலைமேல் கடல் ஏது? குலோத்துங்கன் புகழ் பாடும் கலிங்கத்துப்பரணி விழிஞத்தையும் சாலையையும் அடுத்தடுத்துச் சொல்கின்றது. திருவாலங்காட்டுச் செப்பேட்டின் சமஸ்கிருதப் பகுதி, இராஜராஜனின் தண்டநாயகன் கடலையே அகழியாக உடைய விலிந்தத்தைப் பிடித்ததாகக் கூறுகின்றது. பரணியின் விழிஞமும், செப்பேட்டின் விலிந்தமும், மலையாளத்தாரின் விழிஞ்ஞமும் ஒன்றே என்பதற்கு நாம் முன்பு சொன்ன ஒலி மாற்றங்கள் துணை நிற்கின்றன. 2025 மே மாதத்தில் புதிய பெருந்துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அதே விழிஞம்தான். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர்.

கடல் அண்மையும், விழிஞத்தின் அண்மையும், காந்தளூர் என்ற பெயரும், சாலை என்ற பெயரும் ஒருங்கே கூடிவரும் இடம் வலியசாலையே. வலிய என்பதற்கு மலையாளத்தில் பெரிய என்பது பொருள். ஆகவே வலியசாலை என்பது கன்னியாகுமரியில் கண்ட பெருஞ்சாலை என்பதன் மறு உருவமே. வேறிடம் கூறுவோர் உண்டு. விழிஞமும் காந்தளூரும் ஒரே போரின் இரு பெயர்கள் எனக் கொள்வோரும் உண்டு. பரணி இரண்டையும் தனித்தனியே எண்ணுவதால் அக்கருத்தை நாம் ஏற்கத் தயங்குகின்றோம்.

இவ்வாறு பல ஏடுகளை ஒத்துப் பார்க்கும் கலையை மேனாட்டார் தனிச் சாத்திரமாகவே வளர்த்துள்ளனர். 1918இல் ராபர்ட் ரஸ்ஸல் என்ற அமெரிக்கர், பெயர்களை எழுத்தால் அன்றி ஒலியால் அடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதலெழுத்தை நிறுத்தி, பின்வரும் மெய்களுக்கு எண் கொடுப்பது அம்முறை. நம் ழகரத்திடம் அது தோற்றுப்போகும்: பழவங்காடியை ஒருவர் ஆங்கில இஸட்-எச் எழுத்துகளாலும் மற்றொருவர் எல் எழுத்தாலும் எழுதினால் இரு வேறு எண்களே வரும். 1946இல் ஹால்பெர்ட் டன் என்பார், பிறப்பு முதல் இறப்பு வரை ஒருவனைப் பற்றிச் சிதறிக் கிடக்கும் பதிவுகளை ஒரே புத்தகத்தின் ஏடுகளாக எண்ணிச் சேர்க்க வேண்டுமென எழுதினார். 1959இல் கனடாவில் நியூகோம்பும் அவர் குழுவினரும் திருமணப் பதிவுகளையும் பிறப்புப் பதிவுகளையும் கணிப்பொறியால் இணைத்துக் காட்டினர். 1969இல் பெல்லெகி, சன்டர் என்ற இருவர் அதற்குக் கணித அடிப்படை வகுத்தனர். ஒவ்வொரு கூறும் ஒத்திருப்பதற்கும் ஒவ்வாதிருப்பதற்கும் நிறை உண்டு. அரிய பெயர் ஒத்தால் நிறை அதிகம். எங்கும் வழங்கும் பெயர் ஒத்தால் குறைவு. நிறைகளைக் கூட்டி, ஒன்றே என்றும் வேறே என்றும் தீர்ப்பதோடு, இரண்டுக்கும் இடைப்பட்டதை மனிதர் கண்ணால் பார்க்கட்டும் என ஒதுக்கி வைத்தனர் அவர்கள். அந்த ஒதுக்கி வைத்தல் நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. சாலை என்ற பொதுப்பெயருக்குச் சிறு நிறையும், காந்தளூர் என்ற அரும்பெயருக்குப் பெரு நிறையும் கவிமணி போன்றோர் மனத்தராசில் அளித்தனர். எண்ணாக எழுதவில்லை, அவ்வளவே.

நிறுத்துப் பார்ப்பதற்கு இன்னும் எவ்வளவோ காத்துக் கிடக்கின்றது. பழவங்காடிக்கு அருகே, கோட்டைப் பகுதியிலுள்ள ஆவணக் காப்பகத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஓலைகள் சுருணை சுருணையாக உள்ளன. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகக் கணக்குகளும் அவற்றுள் அடங்கும். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் எனப் பல எழுத்துகளில் அமைந்த இவ்வோலைகளைப் படிக்க வல்லார் சிலரே.

ஊர் என்ற அளவில் வலியசாலையின் வழக்கு பெரும்பாலும் தீர்ந்ததாகவே நாம் கொள்கின்றோம். கலம் என்ற அளவில் தீரவில்லை. ஹஜூர்ச் செப்பேட்டில் சாலையை ஒட்டிக் கலம் வருகின்றது. மெய்க்கீர்த்தியிலும் சாலையை ஒட்டியே கலம் வருகின்றது. ஆகையால் உண்கலத்தின் பக்கமே நம் தராசு சாய்கின்றது. ஆனால் பெரும்போர் வென்ற மன்னன் ஒருவன், மாணாக்கரின் சோற்றுரிமையில் கை வைத்ததைத் தன் முதல் புகழாக ஏன் பொறித்தான் என்று கேட்பார்க்கு, அச்சட்டர்கள் வெறும் மாணாக்கர் அல்லர், அண்டை அரசின் படைவலியுமாவர் என்று விடை கூறலாம். இதனை உறுதிப்படுத்தும் சாசனம் ஒன்று கிடைத்தாலன்றி எதிர்க்கட்சியார் அடங்கார்.

விடுமுறையில் தென்னாடு செல்லும் நேயர்கள், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தபின் சாலைக் கடைத்தெருவின் வழியே கிழக்காக நடந்து, ஆரியசாலை கடந்து, காந்தளூர் மகாதேவர் கோயிலைப் பார்த்து வரலாம், நடக்கும் தொலைவே. கோயிலின் பெயரை மட்டும் மலையாளப் பலகையில் ஒருமுறை, தமிழ் அறிந்த அக்கிரகாரத்து முதியவர் வாயால் ஒருமுறை என இரண்டு விதமாகவும் கேட்டு வாருங்கள்.